எல்லோருக்கும் வழி சொன்னேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

யுவஸ்ரீ எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே நெதர்லாந்தில், எங்கள் பல்கலைக்கழகத்தில் கோழி நோய் மாநாடு நடந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பயண யோசனை சொல்வது என் வேலை. எந்த ரயிலில் ஏறுவது, குளிருக்கு என்ன போடுவது, நம்மூர் பிளக் இங்கே பொருந்துமா என்றெல்லாம் எழுதி அனுப்பினேன்.

நாமக்கல்லிலிருந்து குணசீலன் என்ற கால்நடை மருத்துவர் தன் அம்மாவோடு வந்திருந்தார். நான் எழுதியபடியே அந்த அம்மா சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் கோட்டும் மாட்டியிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதுனதப் படிச்சுக் காட்டுனான். அந்தத் தைரியத்துல வந்துட்டேன் சாமி. உங்கம்மா எப்ப வந்து போனாங்க?"

"போன வருசமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் வரட்டுமா என்று நீங்கள் கேட்டீர்கள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று நான்தான் தடுத்தேன். குளிர் ஒரு சாக்கு, அம்மா. உங்களோடு அலைய நேரமில்லை என்று நினைத்தேன்.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு சேலம் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் கொடுங்கள். வரும்போது கொஞ்சம் அரப்புத்தூள் கொண்டுவாருங்கள். இங்கே தலைக்குத் தேய்த்துவிட ஆளில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கோபம் இருந்தால் வந்து நேரில் திட்டுங்கள்.

உங்கள் மகள்,
யுவஸ்ரீ