வெளுத்தா நிப்பாட்டு

சூடான பழைய பிளாஸ்டிக்கின் வாசனை. கொஞ்சம் துருவும் கலந்தது. ஒரு வாரமாகிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியை விட்டுப் போகவில்லை. உனக்குத் தெரிந்த வாசனைதான்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் உன் அக்கா போன் செய்தாள்.

“தம்பி, வீட்டுக்கு வா. அவன் பொம்ம ஒண்ணு கெடக்கு. நீதான் முடிச்சுத் தரணும்.”

முடிப்பது என்றால் என்னவென்று வந்த பிறகுதான் தெரிந்தது. உன் ஜன்னலோர மேசையில் அந்தச் சிவப்பு லாரி. பாதி லாரி, பாதி ரோபோ. கால்கள் விரிந்து நிற்கின்றன. தலை வெளியே வந்துவிட்டது. இடது கையும். வலது கை மட்டும் இன்னும் லாரியின் பக்கத் தகடாகவே மடிந்து கிடந்தது. நீ விட்ட இடத்தில். மற்ற பொம்மைகளையெல்லாம் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்ட அக்கா, இதை மட்டும் ஒன்றரை வருடமாக நகர்த்தவில்லை. மேசையைத் துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறாள்.

“நாளைக்கு அவன் கல்லறையில வைக்கணும். முழுசா நிக்கட்டும். ரெண்டு கையோட.”

தோளைப் பார்த்தேன். மூட்டுக்குள் போகும் இரும்பு ஊசி துருவேறிப் பருத்திருந்தது. உப்புக் காற்றின் வேலை. பருத்த இரும்பு பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே பிளக்கும் என்று நீதான் சொல்வாய். ஊசியைச் சுற்றி முடியளவில் ஒரு கீறல். ஒரு திருப்பில் கை தனியாக வந்துவிடலாம். வந்தால் மாற்றுக்கு வேறு கை கிடையாது. வேறு பொம்மையும் கிடையாது.

என்னால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

*

துறைமுகச் சாலை காயலான் கடை. வெளிநாட்டுக் கழிவோடு கன்டெய்னரில் வந்த பொம்மைகளை அண்ணாச்சி உடைந்த நாற்காலிகளோடு சேர்த்துக் கொட்டி வைத்திருப்பார். நாம் குனிந்து கிளறுவோம். காராக, லாரியாக, விமானமாக இருந்து மனிதனாக மாறுகிறவை. அதாவது, ஒரு காலத்தில் மாறியவை. பெரும்பாலும் தோள் போயிருக்கும்.

“என்ன தம்பிமாரே, பொண்ணு பாக்க வயசுல பொம்மைக்கி அலையுதிய?”

“வைத்தியம் பாத்து விட்டோம்னா ஒங்க கடைக்கே காவலுக்கு நிப்பான் அண்ணாச்சி” என்பாய்.

நீ சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தாய். படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கடலின் அடிமண்ணில் தவழ்வது. நான் பாளையங்கோட்டையில் எம்.ஏ. சனிக்கிழமை மதியங்கள் நமக்கு. ஊருக்குள் பஸ் நுழையும்போதே முத்துநகர் என்று பலகை வரவேற்கும். “முத்து எங்கனலே இருக்கு? நாங்க சங்குல்லா எடுக்கோம்” என்பாய், ஒவ்வொரு தடவையும்.

தொளதொளத்த பந்து மூட்டுக்கு நகப் பாலிஷ். இரண்டு பூச்சு. காய்ந்ததும் பந்து பருத்துப் பிடித்துக்கொள்ளும்.

“ஏலே, என் பாலிஷ் எங்க?”

“லாரிக்கு அடிச்சுட்டேன்க்கா. ஒன்னவிட அவனுக்குத்தான் எடுப்பா இருக்கு.”

இறுகிய மூட்டுக்கு வெந்நீர். மூன்று அருள்நிறை ஜெபம் சொல்லி முடிக்கும்வரை முக்கி வைக்க வேண்டும். அது கடலிலிருந்து நீ கொண்டுவந்த கணக்கு. மேலே வரும்போது பாதியில் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும், மூன்று அருள்நிறை. நிற்காமல் வந்தால் இரத்தத்தில் இருக்கும் காற்று குமிழியாகி மூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். எனக்கு ஜெபம் தெரியாது. எங்கள் வீட்டில் முருகன். ஆகவே பதினாலாம் வாய்ப்பாடு சொன்னேன்.

“நீ பதினாலு பதினாலு சொல்லி முடிக்கதுக்குள்ள கஞ்சியாயிரும்லே.”

பிறகு, திருப்பும்போது ஒரே ஒரு விதி. வளையும் பிளாஸ்டிக் உடைவதற்கு முன்னால் வெளுக்கும். நிறத்துக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும்.

“வெளுத்தா நிப்பாட்டு. அதான் அது கடைசியாச் சொல்லுதது.”

நான் முதலில் உடைத்தது ஒரு நீலக் கார். கோடு தெரிந்தது. தெரிந்தும் திருப்பினேன். சின்னச் சத்தம்தான். நீ கோபப்படவில்லை. உடைந்த கையை என் உள்ளங்கையில் வைத்து மூடினாய்.

“பெரிய படிப்பு படிக்க. ஒரு காரை மனுசனாக்கத் தெரியல.”

*

அந்தக் கடைசிச் சனிக்கிழமை. டீக்கடை பெஞ்சு. கிளாஸை இடது கையால் எடுத்தாய். சிவப்பு லாரியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, இடது கையாலேயே திருப்பிக்கொண்டிருந்தாய். தலை வந்தது. இடக் கை வந்தது. அதோடு விட்டாய்.

“இவனுக்கும் வலது தோள்தான்லே” என்று சிரித்தாய்.

உன் உதடு வெளுத்திருந்தது. நான் பார்த்தேன்.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“பத்து நாளாச்சு. மேல வரும்போது கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். கை தூக்க மாட்டேங்கு. தைலம் போடுதேன், போயிரும். அக்காட்ட மட்டும் சொல்லிராத. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா. டாக்டரு கடல்ல எறங்காதன்னுருவாரு. பெறகு நான் என்ன செய்ய, ஒங்கூட வந்து எம்.ஏ. படிக்கவா?”

“கடலுக்கு எப்போ?”

“திங்கக்கெழம.”

அக்காவும் நீயும் மட்டுமே உள்ள வீடு. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பெரிதாக இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பாய். இப்படி நினைத்துக்கொண்டேன்.

சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை உன்னைக் கொண்டுவந்தார்கள். உன் பக்கத்தில் முங்கியிருந்தவர் பார்த்ததைச் சொன்னார். இடது கையில் சங்குப் பையின் கயிறு சிக்கியிருந்த நேரத்தில் குழாய் வாயிலிருந்து நழுவியிருக்கிறது. உன் வலப் பக்கம், தலைக்குச் சற்று மேலே நின்று ஆடியிருக்கிறது. கை தூக்கினால் எட்டும் உயரம்.

கை எழவில்லை.

*

கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினாள் அக்கா. தோளை இறுக்கியிருந்த ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, ரோபோவைச் சரித்து வலது தோளை முக்கினேன். அக்கா தானாகவே அருள்நிறை சொல்லத் தொடங்கினாள். இந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று.

எடுத்தேன். துடைத்தேன். இரண்டு விரலால் மூட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். முனகியது. நகத்தளவு நகர்ந்தது.

மறுபடி முக்கினேன். மூன்று அருள்நிறை. தண்ணீரில் பழுப்பாகத் துரு இறங்கியது. இந்தத் தடவை கை தகட்டைவிட்டு வெளியே வந்தது. அக்கா மூச்சுவிடும் சத்தம் என் காதருகே கேட்டது.

மூன்றாவது தடவை. பாதி வட்டம் வந்திருக்கும். ஊசியைச் சுற்றிச் சிவப்புக்குள் ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது.

நிறுத்தினேன்.

“ஏன் நிப்பாட்டுன?”

“வெளுக்குதுக்கா.”

“இன்னும் கொஞ்சந்தான. திருப்பு.”

“ஒடஞ்சிரும்.”

“ஒடையாது. திருப்பு தம்பி. அங்கனயும் போயி அவன் கை தூக்க முடியாம நிக்கணுமா?”

என் விரல்கள் மூட்டைவிட்டு எழவில்லை. திருப்பவும் இல்லை. கோடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்தல்ல.

“அவனுக்குத் தோள் போனது எனக்கு முன்னாலயே தெரியும்க்கா. கடலுக்குப் போறதுக்கு முன்னால. அக்காட்ட சொல்லாதன்னான். நான் சொல்லல.”

ஒன்றரை வருடமாக இந்த நான்கு வாக்கியங்களை எத்தனை விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். வாயில் வந்தபோது இவ்வளவுதான்.

அக்கா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். வெளியே போ என்பாள் என்று. அவள் கிண்ணத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி நின்றுவிட்டது.

“தெனம் காலையில அவனுக்குச் சட்டையில கைய மாட்டிவிட்டது யாருன்னு நெனச்ச?” என்றாள்.

நான் தலையைத் தூக்கினேன்.

“பத்து நாளு. வலது கைய மொதல்ல விடணும், பெறகு எடது. ஒன்ட்ட சொல்லக் கூடாதுன்னான். அவன் பயந்தாங்கொள்ளிக்கா, ஊரக் கூட்டிருவான்னான். பெருசா இருந்தா ஒன்ட்ட சொல்லியிருப்பான்லா, சொல்லலன்னா பெருசில்லன்னு நானும் இருந்துட்டேன்.”

அதே நினைப்பு. ஏறக்குறைய அதே சொற்கள்.

அப்போது உன்மேல் கோபம் வந்தது. முதல் தடவையாக. எங்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு, நடுவில் நீ கடலுக்குப் போயிருக்கிறாய். இரண்டு பேரும் ஒரே ஒரு தடவை வாசலில் நின்று பேசியிருந்தால் போதும். பேசிக்கொண்டுதான் இருந்தோம். நகப் பாலிஷ் பற்றி.

கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. அதன் அடியில், அன்று நான் சொன்ன ‘சரி’ அப்படியே கிடந்தது. அக்கா சொன்னது அதைக் குறைக்கவில்லை. அவளுடையதை நான் குறைக்கவும் முடியாது.

அக்கா ரோபோவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோட்டை வெளிச்சத்தில் பார்த்தாள். திருப்பிவிடுவாளோ என்று எனக்குப் பதறியது.

“இதுக்கு மேல வேண்டாம்” என்றாள்.

*

அப்படியேதான் வைத்தோம். குருசின் அடியில், செவ்வந்தி மாலைக்கு முன்னால். வலது கை முன்னுக்கு நீண்டு நிற்கிறது, பஸ்ஸை நிறுத்துவது மாதிரி. மெழுகுவர்த்திகளை மட்டும் அக்கா எட்டத்தில் ஏற்றினாள்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்த பெரியம்மா ஒருத்தி குனிந்து பார்த்தாள். “இது என்னளா, லாரியா மனுசனா?”

“மாறிக்கிட்டு இருக்கான்” என்றாள் அக்கா.

நேற்று என்னோடு வேலை பார்ப்பவர் பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினார். மாற்றும்போது அவர் உதட்டைப் பார்த்தேன். என்ன வலியா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள், மறுபடியும் கேட்டேன்.