ஒன்பதாம் இடத்தில் இரண்டு புள்ளிகள்

பிப்ரவரி 8, 1981, ஞாயிறு
நேற்று மதராஸிலிருந்து வாலாஜாபாத் வந்து, டவுன் பஸ் பிடித்துச் சாலவாக்கம் சேர்வதற்குள் உடம்பு நொந்துவிட்டது. கம்பியும் மணியும் வைத்து நான் செய்த நல்ல பாம்பு நஞ்சின் உருவம் மேஜைமேல் அப்படியே நிற்கிறது. மணிக்கொரு அமினோ அமிலமாக அறுபத்திரண்டு மணிகளுக்கான ஒரே சங்கிலி; நான்கு கந்தகக் கொக்கிகள் இழுத்துப் பிடிக்க, மூன்று விரல்களாக மடிந்திருக்கிறது. நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் தடுப்பவை இந்த விரல்கள்தாம். அம்மா அதைத் தூசி தட்டிவிட்டுக் கேட்டாள்: "விஷத்துக்குப் போய் இன்னாடி கையும் வெரலும் வெச்சிக்கினு கீற?"
முதல் விரலின் நுனியில் ஒன்பதாவது மணியைத்தான் இன்னும் கோக்கவில்லை.

பிப்ரவரி 13
ஆய்வகம். மூன்றாம் முறை. நஞ்சின் நிஜச் சங்கிலியின் முனையிலிருந்து ஒவ்வொரு அமிலமாகக் கழற்றி ஊதா விளக்கில் பார்க்கிறேன். எட்டு வரை ஒரே புள்ளி. ஒன்பதில் இரண்டு – செரீன் பளிச்சென்று, கிளைசின் மங்கலாக. பத்தில் மறுபடி ஒன்றே. ஏதோ கலந்திருக்கிறது; என் கை அவ்வளவு அழுக்கா?

பிப்ரவரி 17
பேராசிரியர் கத்தவில்லை. மங்கலானதை விட்டுவிட்டு எழுதச் சொன்னார். மார்ச்சோடு என் உதவித்தொகை நின்றுவிடும். அதற்குள் கட்டுரை போகாவிட்டால் இந்த ஆய்வு வரதனுக்கு. எனக்கு அடுத்துச் சேர்ந்த வரதன் தலை நிமிராமல் குழாய் கழுவிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 22
செரீன் என்றே சுத்தப் பிரதி எழுதினேன். மணியையும் கோத்தாயிற்று. அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 24
கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். சோர்வு என்று சொன்னால் போதுமா?

மார்ச் 1, ஞாயிறு
எனக்குப் பாம்பு பிடித்து நஞ்சு எடுத்துத் தரும் சுப்பனும் அவர் மனைவி காளியம்மாளும் ஊர்க்கோடியில் இருக்கிறார்கள். இனி நஞ்சு வேண்டாம் என்று சொல்லப் போனேன். காளியம்மாள் மட்டும் இருந்தார். வளை தோண்டும் கம்பியைத் தீட்டிக்கொண்டே, சரக்கு சரியில்லையா என்றார். கலப்பு போலத் தெரிகிறது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.
"நீ சொன்ன மாதிரியேதாம்மா. ஒரு வளைக்கு ஒரு குப்பி. ஏரிக்கர வளையில ரெண்டு இருந்திச்சி. பெருசு நெறையக் கக்கிச்சி, சின்னது கொஞ்சம். வேற வளை சரக்க அதுல வுடவே இல்ல."
ரெண்டு பாம்பு. ரெண்டு புள்ளி.
வளைக்கொரு குப்பி என்று சொன்னது நான். வளைக்கு ஒரு பாம்புதான் என்று நினைத்ததும் நான். நோட்டில் 'ஒரு பாம்பு' என்று எழுதினதும் – கேக்கணும்னு எனக்கு ஏன் தோணல? இவ்ளோ படிச்சி இன்னா பிரயோஜனம்?

மார்ச் 3
சுத்தப் பிரதியைக் கொடுக்கவில்லை. புதிதாக நஞ்சு எடுத்துப் பார்க்கவேண்டும் என்றேன். நாள் போதாது என்றார் பேராசிரியர். தெரியும் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு
காளியம்மாள் நான்கு குப்பி தந்தார். ஏரிக்கரைப் பாம்புகள், பாம்புக்கு ஒன்று. நாளை வரதனிடம் கொடுத்துவிட்டு விடுதி அறையைக் காலி செய்யவேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு
வாலாஜாபாத்தில் பள்ளி வேலை பழகிக்கொண்டு வருகிறது. சாக்பீஸ் தூளில் இருமல்.
வரதன் கடிதம். மூன்று குப்பிகளில் செரீன் மட்டும், நான்காவதில் கிளைசின் மட்டும். எல்லாவற்றிலும் ஒரே புள்ளி. கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.
அடுத்துக் கட்டுவிரியன் நஞ்சு வேண்டுமாம். காளியம்மாளிடம் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறான்.
பதில் எழுதினேன்: எதுவும் சொல்லாதே. முதலில் எத்தனை பாம்பு என்று கேள்.