லீவு முடிகிற வாரம், தூத்துக்குடி

பிப்ரவரி 11, புதன்

நல்ல காற்று. வெயில் உறைக்கவில்லை. மதியம் வந்து சேர்ந்தாயிற்று.

ஃபிளாட் பீச் ரோட்டுக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடி. இரண்டு அறை, ஒரு அடுப்பு, கால் ஆடுகிற நாற்காலி. பால்கனியிலிருந்து கடல் தெரியும் என்றார்கள். தெரிகிறது. தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவே ஒரு முழம்.

எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அதற்கு ஒரு பெட்டி, மூன்று பை. வீட்டில் இருந்தால் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், லீவின் கடைசி வாரத்தையாவது நாம் இரண்டு பேரும் கழிப்போம் என்று சா.வின் ஏற்பாடு. (சா. என்றால் சாமுவேல், என் கணவர். என் டைரியில் யாருக்கு விளக்கம் சொல்கிறேன்? ரிட்டையர் ஆனாலும் டீச்சர் புத்தி போகாது.)

சவூதியில், தம்மாமில், சா.வின் கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் தருகிறது. இந்த ஞாயிறு பதில் வேண்டுமாம், அவர்களுக்கு ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள். திரும்பப் போகிறாரா, ஒரேயடியாக ஊரோடு இருந்துவிடுகிறாரா? அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் பீச். அனல்மின் நிலையத்துப் புகை தெற்கே சாய்ந்திருந்தது. சுண்டல், மாங்காய். ஒரு அம்மா தண்ணீரில் நின்ற பையனைப் பார்த்து: "ஏலே, முட்டுக்கு மேல போன, வீட்டுக்கு வா சொல்லுதேன்!" சா. தூரத்துக் கப்பல்களைக் காட்டி எது நிலக்கரி, எது கன்டெய்னர் என்று சொன்னார். பாதி கேட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

வாடகைக் காரில் மணப்பாடு. வழியெல்லாம் உப்பளம். பாத்தி மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். பழையகாயல் பக்கம் நிறுத்தி சா. போட்டோ எடுத்தார். எல்லாவற்றிலும் என் தலை, பின்னால் கொஞ்சம் உப்பு.

மணப்பாட்டில் மணல்மேட்டுச் சிலுவைக் கோயில், கலங்கரை விளக்கம், மீன் சாப்பாடு (ஊளி, காரம் அதிகம்). கீழே பீச்சில் வாலிபர்கள் கயாக் என்கிற படகை வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு பேர் உட்காரலாம். சா. அதில் ஏறியே தீருவேன் என்றார். ஐம்பத்தொன்பது வயது.

"நீயும் ஏறு ஜாய்ஸ்."

"சேலையிலயா?"

"சேலையில ஏறக் கூடாதுன்னு எழுதியா போட்டிருக்கு?"

ஏறினேன். துடுப்புப் போட்டோம். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையிலிருந்து ஒரு தம்பி கத்தினான்: "ஆன்ட்டி, ரெண்டு பேரும் ஒரே பக்கம் போடாதீங்க! அங்கிள், நீங்க அங்கன போடுங்க!" கரைக்கு வந்து இறங்கும்போது சா. குப்புற விழுந்தார். கண்ணாடி பிழைத்தது. பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். பதில்: சிரிப்பு பொம்மை ஆறு.

சேலையில் மணல். துவைக்க வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

எங்கும் போகவில்லை. சா. பத்து மணி வரை தூக்கம். பிறகு நகம் வெட்டினார், சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார், ஷூ துடைத்தார். யாரும் சொல்லாமலே. தம்மாமில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது.

பிறகு கோழி வாங்கி வந்து, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, சோறும் கோழியும் ஒரே பானையில் ஆக்கினார். ஏலக்காய், பட்டை, காய்ந்த எலுமிச்சை. எலுமிச்சை அங்கிருந்தே பெட்டியில் வந்திருக்கிறது. அருமையாக இருந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"ரூம்ல வெள்ளிக்கிழம என் முறைதான. எத்தன வருஷமா!"

எனக்குத் தெரியாது. லீவில் வந்தால் யாரும் அவரை அடுக்களைப் பக்கம் விட்டதில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் வீட்டில் விருந்து வருஷத்துக்கு நாற்பது நாள். இருபத்தெட்டு வருஷம்.

அவர் தூங்கும்போது எழுதுகிறேன். எனக்கு என் நாள் பழகிவிட்டது. காலையில் சத்தமில்லாத வீட்டில் ஒரு காப்பி. கட்டில் முழுக்க எனக்கு. பாடகர் குழுப் பயிற்சி, டியூஷன் பிள்ளைகள் நாலு பேர், பசித்தால் சோறு, இல்லாவிட்டால் ரஸ்க். அவர் எனக்கு வேண்டும். தினமும் வேண்டுமா என்று தெரியவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்ல?

பிப்ரவரி 14, சனி

காலை திரேஸ்புரம். மீன் ஏலச் சத்தம், ஈரம், செருப்பு வழுக்கியது. பார்த்ததோடு சரி.

மக்ரூன் கடை. லீவு முடியும்போது தம்மாம் ரூம் ஆட்களுக்கு வாங்கிப் போவது வழக்கம். கடைக்கார அண்ணாச்சி எல்லோரையும் கேட்கிற கேள்விதான்: "ஊருக்கா, வெளிநாட்டுக்கா? வெளிநாடுன்னா டப்பாவுல அடச்சித் தாரேன்." சா. என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன்.

"அப்புறம் வாரேன் அண்ணாச்சி."

வெளியே வந்து இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

இரவுச் சாப்பாடு புரோட்டா. சால்னா முதல் தரம். அப்போது சா. நாளைய திட்டத்தைச் சொன்னார். புன்னைக்காயல் அந்தோணி இவரோடு தம்மாமில் வேலை பார்த்து, மூன்று வருஷம் முன்பு ஊரோடு வந்துவிட்டவர், இப்போது சொந்த வள்ளம். அவரிடம் வருவதாகச் சொல்லியாயிற்றாம். வள்ளத்தில் பொழி வரை, அதாவது ஆற்று முகத்துவாரம் வரை, போய் வரலாமாம்.

"நாளைக்கு வேல நாள். பொழிப் பக்கம் கூட்டமே இருக்காது."

நாளை ஞாயிறு. இந்தக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை கோயில் நாள், ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. லீவில் அவரை மறுத்துப் பேசுவதில்லை. பல்வலியைச் சொல்வதில்லை, கரண்ட் பில் சண்டையைச் சொல்வதில்லை, என் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்ததையே இவர் விமானம் ஏறின பிறகுதான் போனில் சொன்னேன். லீவு கெட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் மூட்டம், பிறகு வெளுத்தது. பஸ்ஸில் ஆத்தூர் வரை, அங்கிருந்து ஆட்டோ.

புன்னைக்காயலில் இறங்கியபோது கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. இஸ்திரி போட்ட வேட்டிகள், மல்லிகைப்பூ. கரையில் வள்ளம் எல்லாம் வரிசையாக ஏற்றிக் கிடந்தது. சா. கையில் தொப்பி, தண்ணீர் பாட்டில், கடலுக்குப் போட்ட அரைக்கால் சட்டை.

அந்தோணி சிரித்தார். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம கடலா? நீங்க விருந்துக்கு வாரீயன்னு நெனச்சேன். ஏ ரோஸ்லின், இங்க வந்து பாரு, அண்ணாச்சி இன்னும் தம்மாம்லயே இருக்காவ!"

சா. சிரிக்கவில்லை. கோயிலையும் வள்ளங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாசரேத்துக்காரன். ஞாயித்துக்கிழமைய மறந்துட்டேன்." பிறகு என்னிடம்: "ஏளா, உனக்குத் தெரியும்லா? ஏன் சொல்லல?"

"லீவுல எதுக்குன்னு விட்டுட்டேன்."

தொப்பியை என் பையில் திணித்தார். அந்தோணி வீடு வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தார்.

அந்தோணியின் மனைவி ரோஸ்லின் மீன் அரிந்தாள், நான் வெங்காயம். வாய் ஓயாத பெண்.

"இவுக வந்த புதுசுல எனக்குக் கோட்டி பிடிச்சிரும் போல இருந்துச்சிக்கா. எங்க திரும்புனாலும் முன்னால நிப்பாக. மிக்ஸி போட்டா சத்தம்ங்காக, சீரியல் பாத்தா சத்தம்ங்காக. ரெண்டு நாளைக்கு ஒரு சண்ட."

"இப்ப?"

"இப்பமுந்தான். லீவுல வந்தப்ப ஒரு சண்ட கெடையாது. விருந்தாளிகிட்ட யாருக்கா சண்ட போடுவா?"

சாப்பிட உட்கார்ந்ததும் போன். தம்மாம். வேலை நாள் அல்லவா. சா. எடுக்கவில்லை, என்னிடம் காட்டினார்.

"என்ன சொல்லட்டும்?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவை கேட்கிறார், அதுவும் அடுத்தவர் வீட்டில், சோற்றில் கை வைத்துக்கொண்டு.

"தெரியலைங்க. நீங்க போனா எப்படி இருக்கும்னு தெரியும். இருந்தா எப்படி இருக்கும்னு தெரியாது. பயமாத்தான் இருக்கு."

"எனக்குந்தான்" என்றார். இடது கையில் போனோடு வாசலுக்குப் போனார். இந்தியில் பேச்சு. அந்தோணி தலை நிமிராமல் சாப்பிட்டார். ரோஸ்லின் நான் கேட்காமலே இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "வரலன்னு சொல்லிட்டேன்." பிறகு, "கொளம்பு கொஞ்சம் ஊத்துங்க."

சந்தோஷம் என்று எழுதினால் முழு உண்மை இல்லை. கை கழுவப் போன இடத்தில் அழுதேன். நிம்மதியா, பயமா, வெங்காயமா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

ஃபிளாட்டைக் காலி செய்தோம். சாவி கொடுத்தாயிற்று. விட்டுப்போனது: என் சீப்பு, அரைப் பாட்டில் நல்லெண்ணெய். மக்ரூன் அரைக் கிலோ, காகிதப் பையில், ஊருக்கு.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர். முக்காணி தாண்டியதும்: "என் சட்டையெல்லாம் எங்க வைக்க?" எந்த லீவிலும் அவர் சட்டைகள் பெட்டியை விட்டு இறங்கியதில்லை. நாற்காலி மேல் பெட்டி, அதற்குள் சட்டை. அலமாரி முழுக்க என்னுடையது.

மேல் தட்டைக் காலி செய்து தருகிறேன் என்றேன். கையைத் தூக்கினால் தோள் வலிக்கும், நடுத் தட்டு வேண்டும் என்றார். தோள்வலி எப்போதிலிருந்து? நாலு வருஷமாக இருக்கிறதாம், லீவில் சொல்லவில்லையாம். எனக்கு வந்தது கோபம். நடுத் தட்டில் என் பட்டுச் சேலைகள், அதைத் தர முடியாது என்றேன். அவர் வீடு, அவர் வாங்கின அலமாரி என்றார். அதை நாளும் துடைத்தது யார் என்றேன். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார்.

சண்டை குரும்பூரில் தொடங்கியது. நாசரேத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வீட்டைத் திறந்து, இதோ உலையும் வைத்தாயிற்று. இன்னும் முடியவில்லை. கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். இதை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.