ஆடு பிடிக்க வந்தவளுக்கு

நேற்று மாலை வீடு திரும்பிச் சேலையை மாற்றும்போது அதில் கோயில் தூபத்தின் குந்திரிக்கப் புகை மணம். ஐக்கிய ஜெப வாரம் இந்த முறை கத்தோலிக்கக் கோயிலில் தொடங்கியது. சேலையைத் துவைக்கப் போடாமல் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சில வருஷங்களுக்கு முன் இதே ஜெப வாரத்தில் முதன்முதலில் உன்னைப் பார்த்ததும் அதே கோயிலில்தான். இந்த மணம் உடம்பில் ஒட்டிவிடுமோ என்று பயந்து வாசலோரம் காற்றுக்கு நின்றாய். உன் பெந்தெகொஸ்தே சபையில் யாராவது மோந்து பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று உனக்குக் கவலை.

நானும் வாசலோரம்தான் நின்றேன். என் காரணம் வேறு. எங்கள் ஆலயக் கமிட்டி என்னை அனுப்பியதே வேவு பார்க்கத்தான். எல்லாச் சபையாரும் கூடி ஒற்றுமைக்காக ஜெபிப்பது நல்லதுதான், ஆனால் கைதட்டிப் பாடுகிறவர்கள் ஆடு பிடிக்க வருவார்கள், நம் வாலிபப் பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது, ஒரு கண் வைத்துக்கொள் என்றார்கள். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. காய்கறிக்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தால்கூட ஏன் கொடுக்கிறார் என்று யோசிப்பவள் நான். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது உன்னைப் பார்த்தேன். வெள்ளைச் சேலை, தோடில்லாத காது. நீயும் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அக்காவையும் காவலுக்கு விட்டிருக்காங்க போல," என்றாய் சாயா குடிக்கும்போது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நீ நீட்டிய கேக்கை யோசித்துத்தான் வாங்கினேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் உன் வீட்டுக்காரரின் மல்லி, வத்தல் மொத்தக் கடை. நான் கணக்கு எழுதும் அலுவலகம் அடுத்த சந்தில். மத்தியானம் அந்தப் பக்கம் போனால் கூப்பிட்டு உட்கார வைப்பாய். பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது, என் பையில் உன் சபையின் கைப்பிரதி, நோட்டீஸ் எதையாவது செருகிவிட்டாயா என்று தடவிப் பார்த்துக்கொள்வேன். நீ பார்த்தும் பாராதது போல் இருப்பாய்.

அப்போதுதான் என் மகள் எங்கள் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினாள். "வேற சர்ச்சுக்குப் போறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை தம்பானூருக்கு ஆட்டோ ஏறுவாள். உன் சபையும் தம்பானூரில். பிற்பகலில்தான் திரும்புவாள். உங்கள் ஆராதனை நீளமானது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் தாமதமும் பொருந்தியது. எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரு நாள் கடைக்கே வந்து கேட்டுவிட்டேன்.

"எம் பிள்ளைய உங்க சபைக்குக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்," என்றாய். கொஞ்சமும் தயங்கவில்லை. "கூப்பிடாம இருப்பேனா அக்கா? எனக்கு நல்லதுன்னு பட்டதத்தானே நான் குடுக்க முடியும்."

ஐக்கியக் கூட்டங்களில், நாங்கள் யாரையும் இழுப்பதில்லை என்று எல்லோரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரையும் நான் நம்பியதில்லை. ஆமாம் என்று சொன்ன உன்னை நம்பினேன். அதற்காகக் கோபம் குறைந்துவிடுமா? எழுந்தவளின் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாய்.

"ஆனா அவ வரல்லக்கா. ஒரு ஞாயிறுகூட வரல்ல. உங்க சர்ச்சுக்கும் வாறதில்லன்னா பிள்ளை எங்க போறா?"

அன்றைக்கே மகளிடம் கேட்டேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கல்லாறு பஸ் ஏறுவாளாம். ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து, தண்ணீரில் கால் விட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவாளாம். "அங்க ஒரு சமாதானம் உண்டும்மா. சர்ச்சுல ஆரு வந்தா, ஆரு போனான்னு பாக்கவே எல்லாருக்கும் நேரம் செரியா இருக்கு. அங்க இருந்தா எனக்கு ஜெபமே வரல்ல," என்றாள். அடுக்களைக்குப் போய் அழுதேன். நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் வேலியைக் காத்துக்கொண்டிருந்தோம். பிள்ளை இரண்டு பக்கமும் இல்லை.

மறுநாள் மல்லி மூட்டைகளுக்கு நடுவே நாம் ஜெபிக்க உட்கார்ந்தோம். "ஒரு கண்டிஷன் அக்கா. எங்க சபையும் வேண்டாம், உங்க சர்ச்சும் வேண்டாம். பிள்ளைக்கு வேண்டி மட்டும் கேப்போம்," என்றாய். உன் சத்தத்தில் வெளியே வத்தல் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எந்த இடத்திலாவது உன் சபையின் பேரை நுழைத்துவிடுவாயோ என்று வார்த்தை வார்த்தையாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை நீ நுழைக்கவில்லை.

"பேரச் சொல்லிருவேன்னு தானே காத்துட்டிருந்திய?" என்றாய் ஆமென் சொன்ன கையோடு.

"ஆமா," என்றேன்.

அதன் பிறகு, மகளுக்கும் தெரிந்தே, எத்தனையோ மத்தியானங்கள் அப்படி உட்கார்ந்தோம். பெரிய பெரிய மேடைகளில் எழுப்புதலுக்காக நடந்த ஜெபங்களைவிட எனக்கு அதுதான் ஜெபமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் நீ போய்விட்டாய். அடக்கத்துக்கு மகளும் வந்தாள். உன் சபையார் அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் நோட்டம் விட்டுக்கொண்டிருக்க, அவள் உன் பெட்டியருகே நின்று அழுதாள். திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள்.

"இனி எனக்கு வேண்டி ஆரு ஜெபிப்பா?"

"நான் இல்லியா?"

"நீங்க நம்ம சர்ச்சுக்கு ஆள் வேணும்னு ஜெபிப்பீங்கம்மா. ஆன்ட்டி எனக்கு வேண்டி ஜெபிச்சா."



மகள் இன்னும் எந்த ஆலயத்துக்கும் போவதில்லை. நேற்றைய கூட்டத்துக்கு உன் சபையிலிருந்து புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள், எதற்கு இவ்வளவு சிரிக்கிறாள் என்றுதான் தோன்றியது. என் குணம் போகாது. ஆனால் தினமும் காலையில் மகளுக்காக முழங்காலில் நிற்கிறேன். எங்கள் ஆலயத்தின் பேர் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிவிட்டு, அவள் பேரை மட்டும் சொல்கிறேன்.