வார்டில் வந்த வாய்ப்பழக்கம்

ஜெஸ்லின் அப்பாவுக்கு,

இதைப் படித்ததும் கையைக் கழுவுங்கள். எழுதுமுன் நானும் கழுவினேன், பேனாவையும் கழுவினேன். எழுத்து ஊறிப்போயிருப்பது அதனால்தான்.

கொரோனா வார்டு டியூட்டி முடிகிறவரை எனக்கு மாடி அறைதான். சாப்பாட்டை நடுப்படியில் வைத்துவிட்டு, கீழே இறங்கியபின் குரல் கொடுங்கள். நேற்றைய குழம்பில் உப்பே தெரியவில்லை. ருசி போய்விட்டதோ என்று பயந்து சோப்பை மோந்து பார்த்தேன். மணத்தது. ஆக, தப்பு உங்களுடையது.

பழனிசெட்டிபட்டியிலிருந்து உங்கள் அக்கா வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழியை என்மேல் போடுங்கள். அவரும் எப்படியும் என்மேல்தான் போடுவார்.

நேற்று கிளம்பும்போது "போறேன்" என்று மட்டும் சொன்னதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். கோபத்தில் சொன்னதல்ல. குணமாகி வீட்டுக்குப் புறப்பட்ட ஒரு பெரியவரிடம், "போயிட்டு வாங்கய்யா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "ஏத்தா, மறுபடியும் இங்கனயே வரச் சொல்றியா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து எல்லோரையும் "போங்க" என்றே அனுப்புகிறேன். அந்த வாயோடு வீட்டுக்கும் வந்துவிட்டேன்.

ஜெஸ்லினைப் படியேற விடாதீர்கள். நேற்று ஏறி வந்தவளை அதட்டி விரட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாஸ்க் நனைந்ததுதான் மிச்சம்.

ஷீலா

நீங்கள் தூங்குகிறீர்கள். எழுப்பவில்லை.

இன்றைக்காவது உப்பு போடுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: போயிட்டு வாரேன்.