வீட்டில் எத்தனை பேர்

லா சப்பல், பாரிஸ்
14 மார்ச் 2010

அன்பின் கிறிஸ்தோ,

உன்ரை தடித்த உறை வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. ஆருடையதோ கல்யாணக் காட் என்று கோசலை மா பிசைந்த கையோடு கிழித்துப்போட்டாள். பார்த்தால் உள்ளுக்கு உன் ஆல்டன்வேல் ஊரின் சாதகம். எத்தனை சனம், என்ன வயது, எவ்வளவு உழைக்குதுகள், எத்தனை அறை வீட்டில் இருக்குதுகள் என்று பதினெட்டுப் பக்கம். பெண் கொடுக்கிற ஆட்கள்கூட இவ்வளவு விபரம் தந்து நான் கண்டதில்லை.

யசோதினி கந்தோர் வேலையால் களைத்து வந்தவள், பாவம், பிடித்து இருத்தி வாசிப்பித்தேன். “மெதியான் எண்டால் நடுவிலை நிக்கிற ஆள், அப்பா” என்று விளங்கப்படுத்தினாள். உன் ஊரின் நடு ஆளுக்கு நாற்பத்துநாலு வயது. நடுவில் நிற்கிற வீட்டுக்கு வருடம் எண்பத்தாறாயிரம் டொலர் வருமானம். சனம் ஒன்பதாயிரத்து நானூற்றுச் சொச்சம். நூறு வீட்டில் எண்பத்தெட்டில் சொந்தக்காரரே குடியிருக்கினம். ஆசியாக்காரர் நூற்றுக்கு ஏழு. “நல்ல ஊர்தானே” என்றாள் கோசலை. முதல் தரம் கேட்கேக்கை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நீ கேட்கிறது இதுதானே: இங்கே கடையைக் கொடுத்துவிட்டு, உன் பக்கத்து வீட்டை வாங்கி, அந்த நூற்றுக்கு ஏழு பேருக்கு ஒரு சாமான் கடை போட்டுக்கொண்டு, வேலிக்கு அங்கால நீயும் இஞ்சால நானுமாய்க் கிழடாகிறது. சிரிக்காதே, ஆசை வந்தது. பக்கத்து ரெலிபோன் கடைப் புதுச்சேரிக்காரர் ழான்-லூக் என் கடையையும் சேர்த்து எடுக்கக் கேட்கிறார். “ஜூன் முப்பதுக்குள்ள ஒரு ரெப்போன்ஸ் குடுத்துடுங்க குகா சார்” என்கிறார். என் குத்தகையும் அன்றைக்குத்தான் முடியுது. அதுவரைக்கும் யோசிக்கலாம்.

ஆனால் நான் பேப்பரைப் பார்த்துக் கடை போட்டவன் இல்லை. நீ அமெரிக்கா போன இரண்டாம் வருடம், இந்தக் கடையை எடுக்க முதல், மூன்று நாள் மெற்றோ வாசலில் நின்றேன். ஸ்தேனிலிருந்தும் கூசேன்வில்லிலிருந்தும் எங்கடை பெண்டுகள் வெறும் பையோடு வந்து இறங்குவினம். திரும்பிப் போகேக்கை அந்தப் பைக்குள் என்ன வீங்குது என்று பார்த்துத்தான் முற்பணம் கட்டினேன். உன் பதினெட்டுப் பக்கத்தில் தெருவில் எத்தனை பேர் நடக்கினம் என்று ஒரு வரி இல்லை. போய்ப் பார்த்து எழுது.

இன்னொன்று. உன் அக்கா மகன் சுரேன் அங்கே ஒரு கல்யாணத்துக்கு வரேக்கை கொடுத்துவிடச் சொல்லி நீ எழுதின சாமான் லிஸ்ட். வழக்கமாய் ஐந்து கிலோ மிளகாய்த்தூள் கேட்கிறவன் அரைக் கிலோ கேட்டிருக்கிறாய். சீயாக்காய் இல்லை, ஒடியல் மா இல்லை. நூடில்ஸ் பத்துப் பக்கற் போட்டிருக்கிறாய். அற்புதராணி உனக்கு நூடில்ஸ் அவித்துத் தருகிற மனிசியோ? சுகமாய் இருக்கிறாளோ?

ரெலிபோன் கடைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று ழான்-லூக் பகிடி பண்ணுகிறார். அவருக்கென்ன தெரியும். போனில் நீ “ஓம், ஓம், எல்லாம் சுகம்” என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுத இருந்தால் உனக்குப் பொய் வராது.

உன்
குகதாசன்


ஆல்டன்வேல், நியூ ஜெர்சி
5 ஏப்ரல் 2010

அன்புக் குகன்,

நேற்று உயிர்த்த ஞாயிறு. பூசை முடிய வந்து, ஆறுதலாய் இருந்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடி சனிக்கிழமை கடைத்தெரு முன்னால் காருக்குள் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். நடந்தவர்கள்: நாயோடு ஒரு கிழவர். ஓட்டப் பயிற்சிக்கு ஓடின ஒரு பொடிச்சி. பிறகு அதே கிழவர், அதே நாயோடு திரும்பி. அதற்குள் ஒரு பொலிஸ்காரன் வந்து கண்ணாடியில் தட்டி, ஏன் இவ்வளவு நேரமாய் இருக்கிறாய் என்று கேட்டான். பாரிசில் இருக்கிற கூட்டாளிக்காகச் சனம் எண்ணுறன் என்று சொல்லவோ? மனிசியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்றேன்.

இங்கே நடக்கமாட்டினம், குகன். காரில்தான் எல்லாம். அதுக்காகச் சனம் இல்லை என்று நினையாதே.

பொலிஸ்காரன் போன பிறகு எனக்கு ரூ லூயி-பிளாங் அறை ஞாபகம் வந்து தனிய இருந்து சிரித்தேன். தொண்ணூறாம் ஆண்டு சனத்தொகை எடுக்க ஒரு பெண் வந்தாளே. ஐந்தாம் மாடி, ஒரு அறை, பதினொரு பேர், தபால் பெட்டியில் பொன்னம்பலம் அண்ணையின் பெயர் மட்டும். ஒன்பது பேர் மேல்மாடிப் படிக்கட்டில் மூச்சுக் காட்டாமல் குந்தியிருந்தோம். நீயும் பொன்னம்பலம் அண்ணையும்தான் உள்ளே. நீ நெஞ்சை நிமிர்த்தி “ரெண்டு பேர்” என்றாய். அடுப்பில் பதினொரு பேருக்குச் சோறு கொதிக்குது! அவள் சட்டியைப் பார்த்தாளாம். “நாங்கள் ரெண்டு பேரும் நல்லாய்ச் சாப்பிடுவம் மதாம்” என்றாயாம். கட்டிடக் காவல்காரி மர்கரீத், எங்கள் ஒவ்வொருவருடைய இருமலும் தெரிந்தவள், பின்னால் நின்று கோயிலில் நிற்கிற முகத்தோடு தலையாட்டினாளாம். அதை நீ நடித்துக் காட்டினபோது சிரித்துச் சிரித்துச் சோறு அடிப்பிடித்தது.

இப்போ எனக்கு நாலு படுக்கை அறை, இரண்டரைக் குளியலறை. அந்த அரை என்ன என்று வந்து பார்.

பக்கத்து வீடு எட்டு மாதமாய்ச் சும்மா கிடக்குது. கடன் கட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று வருடத்துக்கு முதல் நீ கிட்டவும் வந்திருக்கமாட்டாய், இப்போ விலை அப்படி விழுந்திருக்கு. முன்புல்லை நான்தான் வெட்டி விடுகிறேன். நீ வந்து பார்க்கேக்கை வடிவாய் இருக்கவேணும்.

அற்புதராணிக்கு வேலை கூட. உறைப்பும் இப்போ அவளுக்கு ஒத்துக்கொள்ளுதில்லை. அதுதான் அரைக் கிலோ.

அன்புடன்
கிறிஸ்தோ


லா சப்பல், பாரிஸ்
25 ஏப்ரல் 2010

அன்பின் கிறிஸ்தோ,

சோத்துச் சட்டிக் கதையைக் கோசலைக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குக் கல்யாணத்துக்கு முந்திய என் களவுகள் எல்லாம் உன் கடிதத்தில்தான் தெரியவருது.

உண்மையைச் சொன்னால் அவள் பாதி வந்துவிட்டாள். “அங்கை பனி முழங்காலுக்கு மேலை வருமோ எண்டு கிறிஸ்தோ அண்ணையைக் கேளுங்கோ” என்கிறாள். சேந்தன் கூசேன்வில்லில் வீடு வாங்கிவிட்டான், விமான நிலையத்தில் நல்ல வேலை. கடையைப் பற்றி நான் தமிழில் கேட்டால் அவன் பிரெஞ்சில் “வித்துப்போடு பப்பா” என்கிறான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். முந்தி ஊருக்குத் திரும்பிப் போய்ப் பெரிய கடை போடுவம் என்று என் மேசைக்கு முன்னால் நின்று திட்டம் போட்ட ஆட்கள் எத்தனை பேர். போன வருட மே மாதம் போர் முடிந்ததுக்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கிறதில்லை. பருப்பை வாங்கிக்கொண்டு போய்விடுகினம். எனக்கும் ஒரு இடம் வேணும்போலத்தான் கிடக்கு. உன்னோடு என்றால் எந்த இடமும் பரவாயில்லை. அந்த அறையில் பாய்க்கு முறை வைத்துப் படுத்த காலத்தில் நான் சிரித்த அளவு பிறகு சிரிக்கவில்லை.

ஆனால் நான் ஒன்று கேட்கவேணும்.

சுரேன் திரும்பி வந்து கடைக்கு வந்தான். ஒரு ஞாயிறு முழுக்க நின்றானாம், மாமா நல்லாய்க் கவனித்தார், மாமி வேலைக்குப் போய்விட்டா என்று சொன்னான். ஞாயிற்றுக்கிழமையோடா என்றேன். முழித்தான். “சரி, குசினித் தொட்டியிலை எத்தினை கோப்பை கிடந்தது?” என்றேன். “ஒண்டு” என்றான். குளியலறைத் துவாயும் ஒன்றுதானாம். பெடியனை நான் உலுப்பினேன் என்று கோவியாதே. ஒரு வீட்டுச் சாமான் லிஸ்ட்டைப் பார்த்து அந்த வீட்டில் ஆர் இருக்கினம் என்று சொல்லித்தான் நான் பதினாலு வருடம் பிழைக்கிறேன். பிள்ளை பிறந்த வீடு, மாமியார் வந்த வீடு, புருசன் போன வீடு, எல்லாம் எனக்கு மேசையிலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் எத்தனை பேர், கிறிஸ்தோ?

குகன்


ஆல்டன்வேல்
9 மே 2010

குகன்,

நான் மட்டும்.

போன ஜூனில் சுஜானிக்குப் பிள்ளை பிறந்ததென்று அற்புதராணி குயின்ஸுக்குப் போனவள். ஒரு மாதம் என்றாள். பிறகு மூன்று என்றாள். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். இங்கிருந்து ஒன்றேகால் மணித்தியாலப் பயணம்தான். டிசம்பரில் நத்தாருக்குப் போனேன், அதற்குப் பிறகு போகவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. “இஞ்சை ஜன்னலைத் திறந்தால் மனிசர் தெரியினம். அங்கை நான் பன்னிரண்டு வருசம் காரைத்தான் பாத்தனான். நீங்கள் இஞ்சை வாங்கோ, நான் இனி வரேல்லை” என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அது வாடகை வீடு, குகன். இரண்டு அறை. எனக்கு வரவேற்பறைச் சோபா. இரண்டு வேலை செய்து, முதுகு போய், ஒரு வீட்டை என் பெயருக்கு எழுதின பிறகு, மகளுடைய வாடகை வீட்டில் திரும்பவும் போய்ச் சுருண்டு படுக்கவோ? அந்த நூற்றுக்கு எண்பத்தெட்டில் நானும் ஒருத்தன் என்று பார்க்கேக்கை எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ.

இன்னும் ஒரு மடவேலை செய்தேன். மார்ச் மாதம் இங்கேயும் சனத்தொகைப் படிவம் வந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று முதலாவது கேள்வி. ஒன்பது பேரை ஒளித்து வைத்த ஆட்கள் நாங்கள். எனக்கு ‘ஒன்று’ என்று எழுதக் கை வரவில்லை. நாலு என்று எழுதினேன். நான், அற்புதராணி, நீ, கோசலை. பெயர், பிறந்த திகதி எல்லாம் போட்டேன். உன் பிறந்த திகதி எனக்குப் பாடம்.

போன கிழமை சரிபார்க்க ஒரு அம்மா வந்தாள். மிஸ்டர் குகதாசன் எங்கே என்றாள். “கடையிலை நிக்கிறார்” என்றேன். அது பொய்யில்லைத்தானே.

நீ வா. நீ வந்தால் நான் எழுதினது உண்மையாகிவிடும். கோசலை இருக்கிறாள் என்றால் அற்புதராணியும் வருவாள், பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும். ஜூன் முப்பதுக்குள் ழான்-லூக்குக்கு ஓம் என்று சொல்லு. நான் உன்னிடம் இதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை.

கிறிஸ்தோ


லா சப்பல், பாரிஸ்
25 ஜூன் 2010

அன்பின் கிறிஸ்தோ,

நேற்றுக் கையெழுத்து வைத்தேன். ழான்-லூக்குக்கு இல்லை, கட்டிடச் சொந்தக்காரருக்கு. ஒன்பது வருடக் குத்தகை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்கிறேன்: நான் வரவில்லை.

ஒரு மாதம் யோசித்தேன். கோசலை இரண்டு சூட்கேஸ் வாங்கி வைத்துவிட்டாள், அது இப்போ கட்டிலுக்குக் கீழே கிடக்குது. எனக்கு ஐம்பத்துநாலு வயது, கிறிஸ்தோ. இன்னும் ஒன்பது வருடம் அரிசிச் சாக்கு இழுக்க எனக்கு விருப்பம் என்று நினையாதே. வந்திருந்தால் எனக்கு நல்லாய்த்தான் இருந்திருக்கும்.

அற்புதராணிக்குப் போன் எடுத்தேன். உன்னிடம் கேட்காமல் எடுத்தது பிழை என்றால் பிழைதான். அவள் கோபமாய்க் கதைக்கவில்லை. “அண்ணை, நீங்களும் கோசலை அக்காவும் அங்கை போனால் நான் வரத்தான் வேணும். உங்களுக்கு முன்னாலை அவரைத் தனிய விட்டு வைச்சிருந்தால் எனக்குத்தான் மரியாதை இல்லை. வருவன், சமைப்பன், சிரிப்பன். ஆனால் அது அவருக்காக இருக்காது” என்றாள். போனை வைக்க முதல், “அவர் ஒரு நாள் தானாய் வருவார் எண்டுதான் நான் இருக்கிறன்” என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் பக்கத்து வீட்டில் வந்து இருந்தால் உனக்கு உன் வீடு நிரம்பின மாதிரி இருக்கும். ஒரு நாளும் நீ அங்கிருந்து எழும்பமாட்டாய். உன்னைப்போல ஒரு பிடிவாதக்காரனுக்கு நான் வந்து முண்டுகொடுத்தால் அவள் அங்கேயே கிழவியாகிவிடுவாள். ஒருவேளை நான் உறுதியில்லாமல் இருந்தால் நீ எழுதி எழுதி என்னைக் கூப்பிட்டுவிடுவாய் என்றுதான் ஒன்பது வருடத்துக்குப் போட்டேன். மூன்று வருடத்தில் விலக வழி இருக்கு என்று ழான்-லூக் உனக்குச் சொன்னாலும் நம்பாதே.

வீட்டை வந்த விலைக்குக் கொடு. நல்ல விலை வரட்டும் என்று வைத்திருக்கிறவன் கடையில்தான் சரக்குப் புழுக்கிறது. சோபா என்றால் சோபா. அவளிடம் போ.

கோவிப்பாய். கோவி.

குகதாசன்


குயின்ஸ், நியூயோர்க்
30 ஒக்டோபர் 2010

குகதாசன்,

நாலு மாதம் பதில் எழுதாதது வேணுமென்றுதான். உன் கடிதத்தைக் கிழித்து எறிந்தேன். ஒன்பது வருடம் என்ற சொல்லை மட்டும் எறிய முடியவில்லை.

வீடு போய்விட்டது. நான் வாங்கின விலையிலும் குறைய. வாங்கினது ஒரு குஜராத்திக் குடும்பம், ஐந்து பேர். சாவி கொடுக்கப் போன அன்று அவர்களுடைய சின்னப் பிள்ளை கதவு கதவாய்த் திறந்து, இது ஆருடைய அறை, இது ஆருடைய அறை என்று கேட்டுக்கொண்டு ஓடினாள். மூன்று அறைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

நீ செய்தது சரி என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நீ வந்திருக்கலாம். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே. போனும் எடுக்காதே. எனக்கு மனம் வரேக்கை நான் எழுதுவேன். கோசலையிடம் பனி முழங்கால் வரைக்கும்தான் என்று சொல்லு.

நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தேன். மின்தூக்கி பழுது. இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு ஆறு மாடி ஏறி மணி அடித்தேன். அற்புதராணிதான் திறந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள்.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. இப்பதான் நிலம் துடைச்சனான்” என்றாள்.

கழட்டினேன்.

கிறிஸ்தோப்பர்