பூவிழி போட வேண்டிய கையெழுத்து

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
12.11.2006

அன்பு மகள் பூவிழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் இளம்பரிதியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மழைதான் விட்டபாடில்லை, கொல்லையெல்லாம் தண்ணீர். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதி கையெழுத்து, போட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்பா வேணாம்னா போடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அம்மா அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், அவளிடம் சொல்லாதே. வருத்தமில்லை கண்ணு, என்னை ஒரு வார்த்தை கேட்டாயே, அந்த நன்றிதான்.

என்னை யாரும் கேட்கவில்லை. அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரன் ஊரை ஒப்படைத்தபோது, வேண்டுமென்கிறவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒப்படைத்த அன்றைக்குப் பதினெட்டு முடியாத பிள்ளைக்கு அப்பன் எடுத்ததுதான் முடிவு. எனக்கு மூன்று மாதம் குறைச்சல். உன் தாத்தாவிடம் மில்லில் யாரோ, கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு ஒரு ஆளைப் பட்டாளத்துக்குக் கப்பல் ஏற்றிவிடுவான் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் அந்தப் பக்கமே போகவில்லை, கெடு முடியும்வரை என்னை அரியாங்குப்பத்து அத்தை வீட்டில் உட்காரவைத்துவிட்டார். அப்புறம் அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட எதிர்வீட்டுக்காரர்கள் பாரீசிலிருந்து லீவில் வரும்போதெல்லாம், நாட்டை விட்டுக்கொடுத்தவர்கள் என்று நான் வாய்க்கு வந்தபடி பேசுவதைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். அதனால்தானே பயந்து கேட்டிருக்கிறாய். அது தேசபக்தி இல்லையம்மா, பொறாமை. இப்போது தாத்தா மேலும் கோபமில்லை. முப்பத்தெட்டு வருஷம் கழித்து இந்த ஜூனில் நகராட்சித் தேர்தல் வந்தபோது வரிசையில் முதல் ஆள் நான்தான், போன தடவை போட்டபோது எனக்கு இருபத்துமூன்று வயசு. அந்த ஓட்டு அவர் பயந்ததால் எனக்குக் கிடைத்ததுதானே, நல்லா இருக்கட்டும்.

அங்கே கையெழுத்துப் போட்டால் இங்கே வாக்காளர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாயே, வீடு வீடாகச் சரிபார்க்க வந்த கோவிந்தராசு சாரிடம் அதற்கான பாரம் வாங்கினேன். பொண்ணு ஊர்ல இல்லாட்டி என்னா, அப்பா நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, முடிஞ்சிடும்னார். பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எங்கப்பா எனக்குப் பண்ணினத நான் எம்பொண்ணுக்குப் பண்ணமாட்டேன் சார் என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் முழித்தார், அம்மா காபி கொடுத்து அனுப்பினாள்.

அதனால் நான் போடு என்றும் சொல்லமாட்டேன், போடாதே என்றும் சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்க்கிறவள் நீ, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவள் நீ, எது சரி என்று உனக்குத்தான் தெரியும். எந்தப் பாஸ்போர்ட்டில் வந்தாலும் இந்த வீட்டுக் கதவு திறக்கும். பேரனுக்குக் குளிர்காலத்தில் காதை மூடிக் கட்டு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

இப்படிக்கு உன் அப்பா,
சின்னக்கண்ணு

பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் இதிலும் போட்டு அனுப்பு, இல்லையென்றால் கிழித்துப் போடு. போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். முதல் ஓட்டுக்கு என்கூட வந்தபோது தமிழில்தான் கையெழுத்துப் போட்டாய், இதிலும் அப்படியே போடம்மா.